விக்கல் சுமந்தவள்

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு, நாம் பாட்டுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பை வாயில் அடக்கிக்கொண்டு உச்சிவெயிலில் எழுபது கிலோமீட்டர் ஓடிவந்து, நம் தோளில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவளைப் பற்றி யாருக்காவது அக்கறை உண்டா? கிடையாது. விக்கல் நின்றதா, சரி, போனைப் பார். மனிதர்களின் லட்சணம் அவ்வளவுதான். ஆனால் சண்முகவள்ளிக்கு அன்றைக்கு வந்த கோபம் மனிதர்கள் மேல் வந்ததல்ல. சொந்தக் கூட்டத்தின் மேல் வந்தது.

வாலிநோக்கம் உப்பளத்துக்குப் பின்னால், ஓடு சரிந்த பழைய உப்புக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில்தான் கானலர் குடியிருக்கிறார்கள். முழங்கால் உயரம், கொக்குக் கால், வெயிலின் நிறம். மத்தியானத் தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிற மாதிரித் தெரிகிறதே, அதற்குள் ஓடுவதுதான் அவர்கள் ஓட்டம். அதனால் நம் கண்ணில் படுவதில்லை. காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். மேகம் போட்டால் லீவு. மழைக்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒரு தடம். ஒருவர் நினைப்பை எடுத்து இன்னொருவரிடம் சேர்ப்பது, சுமக்கிறவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து சாகிற வரைக்கும் அதே இருவர்தான். நினைக்கிறவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். வேலைக்கு நடுவே அவர் கண் ஒரு கணம் எங்கேயோ நிலைகுத்தும். அந்தக் கணத்தில் நினைப்பைக் கவ்வி வாயில் அடக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதன்பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. போய்ச் சேர்ந்ததும் மற்றவர் தோளில் ஏறி நெஞ்சுக்குழியில் ஊதினால் விக்கல் பிடித்துக்கொள்ளும். அவரும் யார் நினைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்பார். சரியான பேரைச் சொன்னதும் விக்கல் நிற்கும். அந்தப் பேரை நாக்குக்கு அடியில் ஏந்திவந்து கொட்டகையில் தலைவர் முன்னால் ஒப்படைத்தால் அதுதான் ரசீது. பேர் கிடைக்காமல் திரும்பி வருகிறவளுக்கு வெறும்வாய்க்காரி என்று பட்டம்.

பட்டத்தோடு போனால் பரவாயில்லை. கானலர் வீட்டில் பிள்ளை பிறந்தால், பெற்றவள் அதன்பிறகு முதன்முதலில் ஏந்திவருகிற பேர்தான் பிள்ளைக்கு. ஆண் பேரா பெண் பேரா என்ற கேள்வியே கிடையாது. தலைவர் தவசியின் மகன் காளை மாதிரி இருப்பான், அவன் பேர் ராமலெட்சுமி. யாரும் சிரிப்பதில்லை. பேர் விழுந்துவிட்டால் உடம்பு கெட்டிப்படும். பேரில்லாத பிள்ளை உப்பு மாதிரி. முதல் மழையில் கரைந்துவிடும். ஒளித்து வைத்தும் பிரயோசனமில்லை, இரண்டு மாத மழையில் ஈரம் எந்தப் பொந்துக்குள்ளும் வந்துவிடும்.

சண்முகவள்ளியின் மகள் மாசியில் பிறந்தவள். எட்டு மாதத்தில் கொக்குக்குஞ்சு மாதிரித் தத்தித் தத்தி ஓடுகிறாள். பேர் மட்டும் இல்லை. பேரில்லாத பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்பாது. "ஏ பிள்ளை, இங்கன வா" என்று அவள் அப்பன் மூக்கையா தொண்டை கிழியக் கத்துவான். அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஐப்பசி பிறந்து நான்கு நாளாகிவிட்டது. தெற்கே கடலுக்கு மேல் கருப்பாகத் திரண்டு நிற்கிறது. இன்றைக்கு வெயில் அடித்தால் உண்டு, நாளைக்கு அடிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

அன்று பத்து மணிக்கு முன்னாலேயே சண்முகவள்ளி ஓடினாள். சிக்கலைத் தாண்டி, ராமநாதபுரத்தைச் சுற்றி, ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரைக்கு. அங்கே மருதுபாண்டி என்கிற சம்சாரி வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தங்கச்சி மாரிச்செல்வி வாலிநோக்கத்தில் வாக்கப்பட்டு உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். போன் இருக்கிறது, தீபாவளி பொங்கலுக்குப் பேசிக்கொள்வார்கள். நினைக்கிற நேரத்துக்கெல்லாம் போன் போட்டு என்னத்தைப் பேசுவது? பதினோரு மணி பஸ் கண்மாய்க்கரையில் ஹார்ன் அடித்துப் போகும்போது மருதுபாண்டி மண்வெட்டியை ஊன்றி ஒரு கணம் நிற்பான். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பஸ் அதுதான். சண்முகவள்ளி அந்த நினைப்பைக் கவ்விக்கொண்டு வந்த வழியே பறந்தாள்.

உப்பளத்தில் ஒரே களேபரம். மழைக்கு முன்னால் பாத்தியில் கிடக்கிற உப்பை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். மாரிச்செல்வி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி தோளில் ஏறி ஊதினாள். விக்கல் ஒரு தூக்குத் தூக்கியது.

பக்கத்துப் பாத்தியில் நின்ற கனகலட்சுமி சிரித்தாள். "யாருடி நினைக்கிறா? சொல்லிப் பாரு, நின்னுரும்."

"யாரு நினைக்கப் போறா? எங்க அண்ணனாத்தான் இருக்கும்" என்றாள் மாரிச்செல்வி.

சொன்ன மாத்திரத்தில் விக்கல் நின்றது.

தினமும் நடக்கிறதுதான் இது. தினமும் அவள் அண்ணன் என்பாள், தினமும் நிற்கும். ஆனால் அண்ணன் என்பது பேர் இல்லையே. பேர் இல்லாமல் விக்கல் நின்றால் மறுபடியும் ஊத வேண்டும் என்பது கானலர் விதி. ஏழு வருஷமாகச் சண்முகவள்ளி மறுபடியும் ஊதிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் ஏழு வருஷமாக அண்ணன் அண்ணன் என்று சொல்லி, விக்கித் திணறி, கடைசியில் தண்ணீரைக் குடித்துத் தொலைப்பாள். அத்தோடு நினைப்பு கரைந்து போகும்.

"அண்ணன் பேரைச் சொன்னாத்தானடி நல்லா நிக்கும்" என்றாள் கனகலட்சுமி.

"ஆத்தாடி, மூத்தவன் பேரை எப்படிச் சொல்றது? என்னைத் தூக்கி வளத்துச்சு. வாய் கூசாதா?" என்றாள் மாரிச்செல்வி. சொல்லிவிட்டு, உப்புக் கையால் நெற்றியைத் துடைத்து வடக்கே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. ஏழு வருஷத்தில் அந்தச் சிரிப்பைச் சண்முகவள்ளி பார்த்ததே இல்லை. சிரிக்க விட்டால்தானே? அதற்குள் அடுத்த விக்கலை ஊதிவிடுவாளே.

சண்முகவள்ளிக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நினைத்தவன் இன்னான் என்று மாரிச்செல்விக்குத் தெரிகிறது. விக்கலுக்கும் தெரிகிறது. சுமந்து வந்த எனக்கும் தெரிகிறது. தெரியாதது அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற ஒரு விதிக்கு மட்டும்தான். அந்த ஒன்றுக்காக, ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன விடாமல் இந்தப் பெண்ணை ஏழு வருஷம் விக்க வைத்திருக்கிறேனே, என்னைச் செருப்பால் அடித்தால் என்ன என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் மறுபடி ஊதவில்லை. "அண்ணன்" என்ற சொல்லை அப்படியே நாக்குக்கு அடியில் ஏந்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. தவசி உப்புக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். நரைத்த கால்களை மடக்கி, யாரையும் நேராகப் பார்க்காமல் ரசீது வாங்குவது அவர் வழக்கம். ஒவ்வொருவராக வந்து பேரைச் சொல்லிப் போனார்கள். ஆண்களுக்கு விக்கல் சுமக்கிறவர்கள் எல்லாரும் துள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கென்ன, ஆம்பளைக்கு விக்கல் எடுத்தால் பெண்டாட்டி பேர், தங்கச்சி பேர், மகள் பேர் எல்லாம் கூச்சமில்லாமல் கொட்டும். அந்தத் தடங்களெல்லாம் தவசியின் பங்காளி வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. பெண்களுக்குச் சுமக்கிற தடங்கள் மிச்சம் மீதி வீடுகளுக்கு.

"சண்முகவள்ளி, பேரைச் சொல்லு" என்றார் தவசி.

"அண்ணன்."

கொட்டகையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. தவசி சிரிக்கவில்லை. "அது பேரு இல்ல. வாய்க்கால்ல துப்பிட்டு வா."

"துப்ப மாட்டேன் பெரியய்யா."

மூலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான் மூக்கையா. "விடு வள்ளி, நாளைக்கு வெயில் அடிக்கும், பாத்துக்கலாம்" என்று முனகினான். எப்போதும் நாளைக்குப் பார்க்கிற ஆள் அவன். வெளியே வானம் அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

"ஆர்.எஸ்.மங்கலத்துல அண்ணன்னு எத்தனை பேரு இருக்கான் தெரியுமா?" என்றார் தவசி. "டீக்கடையில நின்னு அண்ணேன்னு ஒரு சத்தம் குடு, பத்துப் பேரு திரும்புவான். எவன் நினைச்சான்னு நான் எப்படி ஏத்துக்கிறது?"

"பத்துப் பேரு திரும்பட்டும். அந்தப் பொம்பளைக்கு ஒரே அண்ணன்தான். அவ வாயில அந்தச் சொல்லுக்கு ஒரே ஆளுதான். சொன்னவுடனே விக்கல் நின்னுச்சு பெரியய்யா. நெஞ்சு பொய் சொல்லுமா?"

"விதி நெஞ்சைக் கேக்கல. வாயைக் கேக்குது."

"யாரு போட்ட விதி?" சண்முகவள்ளியின் குரல் ஓட்டில் போய் மோதியது. "இந்தச் சீமையில எந்தப் பொம்பளை புருசன் பேரைச் சொல்றா? எவ மூத்தவன் பேரைச் சொல்றா? மாமனார் பேரு, கொழுந்தன் பேரு, எதைத்தான் சொல்ல விட்டிருக்காக? சொல்லக் கூடாதுன்னு அவளை அங்கன அடக்கி வச்சிருக்காக, சொன்னாத்தான் செல்லும்னு என்னைய இங்கன அடக்கி வச்சிருக்கீக. நடுவுல சாகிறது என் பிள்ளை. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தானே பேசுறேன்? இம்புட்டு நேரமும் உங்களைப் பேரு சொல்லியா கூப்பிட்டேன்? பெரியய்யான்னுதானே கூப்பிடுறேன்? இந்தக் கொட்டகையில நாப்பது குடி இருக்கு. பெரியய்யான்னா யாருன்னு யாருக்காவது சந்தேகம் வந்துச்சா? நீங்க திரும்பிப் பாக்காம இருந்தீகளா?"

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவசிக்கு முகம் சிறுத்துவிட்டது. அவருக்குப் பதிலாகப் பேசினாள் வெள்ளையம்மாள்.

வெள்ளையம்மாள் கீழக்கரைத் தடத்துக்காரி. வெளிநாட்டில் இருக்கிற ஸுஹைரின் நினைப்பு அலையோடு கடல் கடந்து வரும்; அதைக் கரையில் நின்று வாங்கி, அவர் மனைவி காலிதாவுக்குச் சேர்ப்பது அவள் வேலை. காலிதாவும் விக்கல் எடுத்தால் "எங்க வீட்டு அவுகளா?" என்றுதான் கேட்பாள். அதற்குமேல் ஒரு எழுத்து வாயிலிருந்து வராது. வெள்ளையம்மாளுக்கு ஒரு மகன் இருந்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து மழையில், உப்பளத்தின் மூன்றாவது வரப்பு ஓரத்தில் கரைந்துபோனான். அதன்பிறகு அவள் விதியைப் பற்றித் தவசியைவிடக் கண்டிப்பாகப் பேசுவாள்.

"ஏத்தா, நிறுத்து. உனக்கு மட்டும்தான் பிள்ளையா?" என்றாள் வெள்ளையம்மாள். "நானும் அவுகங்கிற சொல்லை ஏந்திக்கிட்டு இதே இடத்துல நின்னேன். மூணு தடவை நின்னேன். துப்புன்னு சொன்னாரு, துப்புனேன். உன்னைய மாதிரிக் கூத்தாடினேனா? எனக்கு வளையாத விதி உனக்கு எப்படி வளையும்?"

சண்முகவள்ளி அவளைப் பார்த்தாள். கோபம்தான் வந்தது. அடிபட்டவளே அடித்த கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று வந்தது. "உனக்கும் வளைஞ்சிருக்கணும் அக்கா" என்றாள்.

வெள்ளையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் ஓட்டின் மேல் பொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று. அப்புறம் படபடவென்று.

பேர் விழுந்தவர்களுக்கு மழை என்றால் சலிப்பு. எட்டு மாதப் பிள்ளைக்கு அது என்ன தெரியும்? வெளியே மண்ணில் புள்ளி புள்ளியாக விழுகிறதைப் பார்த்ததும் அதற்கு ஒரே குதூகலம். மூக்கையாவின் பிடியிலிருந்து வழுக்கி இறங்கி, எல்லார் காலுக்கும் நடுவே புகுந்து, வாசலைத் தாண்டி ஓடியே விட்டது.

"ஏ பிள்ளை! ஏ பிள்ளை!" என்று மூக்கையா அலறினான். அது திரும்பவில்லை. கையை விரித்துக்கொண்டு பாத்தியைப் பார்த்து ஓடியது. முதல் துளி அதன் தோளில் விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குழி விழுந்ததைச் சண்முகவள்ளி பார்த்தாள். ஓடினாலும் எட்டியிருக்க முடியாது. அவள் வாயைத் திறந்தாள். கூப்பிட ஒரு பேர் இல்லை. வாயில் இருந்தது ஒன்றுதான், அதுவே சத்தமாக வெளியே வந்தது.

"அண்ணே!"

பிள்ளை நின்றது. திரும்பிப் பார்த்தது.

பிறந்ததிலிருந்து யார் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை. மழை இப்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. அது அந்த மழையில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது, மூக்கு நுனியில் சொட்டியது. தோளில் விழுந்த குழி மூடிக்கொண்டது. கரையவில்லை. "அண்ணே, வாடி தங்கம், அம்மாகிட்ட வாடி" என்று சண்முகவள்ளி அழுதுகொண்டே கையை நீட்டினாள். அது தத்தித் தத்தி வந்து அவள் மேல் விழுந்தது. முழுக்க நனைந்து, முழுசாக இருந்தது.

மூக்கையா தேம்பினான். தவசி உப்புக் குவியலிலிருந்து இறங்கி வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"சரி. பிள்ளை பொழைச்சிருச்சு, சந்தோசம்" என்றார். "இந்த ஒரு தடவைக்கு இதை விதிவிலக்குன்னு வச்சுக்குவோம். விதி விதியாவே இருக்கட்டும்."

சண்முகவள்ளி பிள்ளையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டுவதற்குத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் வெள்ளையம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"விலக்கா?" என்றாள் வெள்ளையம்மாள். மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப எம்மகன்?"

"வெள்ளையம்மா, உக்காரு. அது முடிஞ்சு போன விசயம்."

"மூணு தடவை ஏந்திக்கிட்டு வந்தேனே. மூணு தடவையும் பேரு எம் வாயிலதானே இருந்துச்சு? நீ துப்பச் சொன்னே, நான் துப்புனேன். துப்பாம ஒரு தடவை கூப்பிட்டிருந்தா அவன் திரும்பியிருப்பானே? திரும்பியிருப்பான்ல? சொல்லுலே தவசி!"

அந்தக் கொட்டகையில் அவரை முகத்துக்கு நேராக யாரும் பேர் சொன்னதில்லை. ராமலெட்சுமி எழுந்து ஏதோ சொல்ல வந்தவன், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளையம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மழைக்குள் இறங்கினாள். சண்முகவள்ளி "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வாசல் வரைக்கும் போனாள். வெள்ளையம்மாள் வரப்பு மேல் வழுக்கி வழுக்கி நடந்தாள். முதல் வரப்பு, இரண்டாவது வரப்பு. மூன்றாவது வரப்பு ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த பாத்திக்குள் முகத்தைக் குனிந்து கூப்பிட்டாள்.

"அவுகளே... ஏ அவுகளே... அம்மா கூப்பிடுறேன்டா."

பாத்தியில் மழை விழுகிற சத்தம்தான் கேட்டது. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

உள்ளே சாரல் அடிக்கத் தொடங்கியிருந்தது. "யாராவது அந்தத் தட்டியை இழுத்து மூடுங்க, உப்பு நனையுது" என்றார் தவசி. நாற்பது குடியும் அங்கேயே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.